சிங்கப்பூர் பர்சரி (படிப்பு உதவித்தொகை) ஃபார்ம்: சம்பள விவரத்தை இந்த குரூப்ல போடாதீங்க

வணக்கம் எல்லாருக்கும், நேத்து ஒரு தம்பி டவுட் கேக்குறேன்னு அப்பாவோட பேஸ்லிப்பையே போட்டோ புடிச்சு குரூப்ல போட்டுட்டாரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர் கூட பளிச்சுனு தெரியுது, உடனே டெலீட் பண்ணியாச்சு, ஆனா அதுக்குள்ள எத்தனை பேர் பாத்தாங்களோ.

பாலிடெக்னிக், யுனிவர்சிட்டி பர்சரிக்கு பெரும்பாலும் பாக்குறது பெர் கேப்பிட்டா வருமானம்தான், வீட்ல எல்லாரோட மாச கிராஸ் சம்பளத்தையும் (பிடித்தம் போகுறதுக்கு முன்னாடி உள்ளது) கூட்டி ஆள் கணக்கால வகுக்கணும், 4000 வெள்ளி 5 பேர்னா 800, அவ்ளோதான். கணக்கு புரியலன்னா இப்படி சும்மா ஒரு நம்பர் வச்சு கேளுங்க. பேஸ்லிப், சிபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட், ஐராஸ் (வருமான வரி) நோட்டீஸ் எல்லாம் ஸ்கூல் கேட்டா ஸ்கூலுக்கு மட்டும்.

புள்ளைங்களுக்கே சம்பளம் தெரிய வேணாம்னு நெனைக்கிற அப்பாக்கள் இருக்காங்க, தப்பே இல்ல. வருமானத்தை பாக்க ஆன்லைன்ல சம்மதம் கேட்டா அவங்களே அவங்க சிங்பாஸ்ல (அரசாங்க ஆன்லைன் லாகின்) போய் குடுக்கட்டும், பாஸ்வேர்டை புள்ள கையில குடுக்குற வேலையே வேணாம்.

அமெரிக்கா அப்ளை பண்றவங்களுக்கு, சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்ல (அங்க காலேஜ் உதவித்தொகைக்கு நிரப்புற ஆன்லைன் ஃபார்ம்) பிரிஞ்சு இருக்கற அப்பாவோ அம்மாவோ தனி அக்கவுண்ட்ல நிரப்பலாம், அவங்க எழுதுறது இன்னொருத்தருக்கு தெரியாது.

மத்த டவுட்டுக்கு ஸ்கூல் ஆபீஸுக்கே போன் போடுங்க. எனக்கு தனியா அனுப்புறதும் வேணாம், உங்க சம்பளம் எனக்கெதுக்கு!