சட்டகத்துக்கு மட்டும் தண்டனை

அன்புள்ள சுந்தரம்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. வீட்டில் அனைவரும் நலம். நேற்றிரவு பார்த்த ஒரு படத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரோஜர் மிச்செல் இயக்கிய ‘த டியூக்’. அரசும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து 1,40,000 பவுண்டு கொடுத்து வாங்கிய, ஸ்பானிய ஓவியர் கோயாவின் வெலிங்டன் பிரபு ஓவியம், லண்டன் நேஷனல் கேலரியில் வைத்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1961 ஆகஸ்ட் 21 அன்று காணாமற்போன உண்மை வழக்குதான் கதை. அந்தப் பணத்தில் எத்தனை ஏழை முதியவர்களுக்கு, அங்கே தொலைக்காட்சி பார்க்கக் கட்டவேண்டிய உரிமக் கட்டணத்தைக் கட்டியிருக்கலாம் என்று கேட்கிறார், நியூகாசிலில் முன்பு பேருந்து ஓட்டிய கெம்ப்டன் பன்டன். தனித்திருக்கும் முதியவருக்கு அந்தப் பெட்டிதானே பேச்சுத்துணை? 1965இல் ஓவியத்தை பர்மிங்ஹாம் ரயில் நிலையப் பொருள் வைப்பறை வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாமே சரணடைகிறார்.

நீதிமன்றக் காட்சியில் பன்டனாக நடித்த ஜிம் பிராட்பென்ட் பேசப் பேச வாய்விட்டுச் சிரித்தேன். உடனே விடுதி மொட்டை மாடியும் மெஹ்ரா வழக்கும் நினைவுக்கு வந்தன. தற்காலிகமாக விமானத்தை எடுத்துப் பறந்தாலும் திருட்டே என்று அந்த வழக்கில் 1957இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதை விடிய விடிய ஒப்பித்த நீ, என் சைக்கிளை எடுத்துப்போன நாளில் மட்டும் அதை மறந்துவிட்டாய். இங்கிலாந்திலோ நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும் என்பதால், ஓவியத்தை அவர் திருடவில்லை, திரும்பக் கிடைக்காத சட்டகத்தைத்தான் திருடினார் என்று ஜூரிகள் முடிவுசெய்தார்கள். மூன்று மாதச் சிறை. அந்த ஓட்டையை அடைக்கவே 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் 11ஆம் பிரிவு வந்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது சட்டமன்று. ஓவியத்தை எடுத்தது மகன் ஜான். 1969இல் அவர் போலீசாரிடம் ஒப்புக்கொண்டது, 2012இல் கோப்புகள் வெளியானபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. கூண்டில் நின்று எல்லாரையும் சிரிக்கவைத்த மனிதர், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பிள்ளையை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதே காட்சியை மறுபடி ஓடவிட்டேன். இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோப்பு விவகாரத்தில் உன் அப்பா பஞ்சாயத்தின் முன் எழுந்து, “நான்தான் பறிக்கச் சொன்னேன்” என்று தலைநிமிர்ந்து நின்றாரே, சுந்தரம்! அதை எத்தனை வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்! வீட்டுக்கு வந்தபின் அவர் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் அறைத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடப்பதாகப் பொங்கல் கடிதத்தில் எழுதியிருந்தாய். இன்னுமா சரிசெய்யவில்லை? அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன், நீ வாங்காதே.

அன்புடன்,
ராமு