டிரெய்லர் சுவருக்குள் பஞ்சு

ஆசிரியருக்கு,

பழைய காம்பிங் டிரெய்லர் வாங்கித் திருத்துவது பற்றி உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குளிர் உள்ளே வராமல் சுவருக்குள் வைத்திருக்கும் பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு வைத்தால் போதும், மலிவும் கூட என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் ஒரே சுவரை இரண்டு தடவை பிரித்தேன்.

எங்களுடையது மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு அடித்த வகை. உள்பலகையைக் கழற்றினால், கண்ணாடி நார்ப் பஞ்சு ஈரத்தில் கனத்து அடியில் போய்க் குந்தியிருந்தது, மேல் பாதி வெறும் வெளி; எலி வேறு அதற்குள் குடும்பம் நடத்தியிருந்தது. புதுசு வாங்கி அடைத்தேன். அடுத்த வசந்தத்தில் அதே ஈர வாடை. கூரை மூலையில் தகடுகள் சேரும் இடத்தை அடைத்திருந்த பழைய புட்டி காய்ந்து வெடித்து மழைநீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவேயில்லை. ஆகவே முதல் செலவு அந்த இடைவெளிகளை அடைக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் டேப்புக்கு, பிறகுதான் பஞ்சோ பலகையோ, எந்த இன்சுலேஷனும்.

மழை மட்டுமில்லை. ஒக்டோபரில் ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்கா பக்கம் இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும்போது நாலு பேரின் மூச்சும் காஸ் அடுப்பின் ஆவியும் குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகும். பஞ்சு அதைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது முறை வைத்தது எக்ஸ்பிஎஸ் என்னும் இளஞ்சிவப்பு ஃபோம் பலகை. ஊரில் ரெஜிபோம் என்போமே, அந்த வெள்ளை ஃபோமுக்கு உறவுதான், ஆனால் இன்னும் இறுக்கமானது, தண்ணீரை அதிகம் இழுக்காது. வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அளவை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள், கூடினால் நல்லது; ஒன்றரை அங்குலச் சுவரில் பஞ்சு ஏறக்குறைய ஆர் 5 தரும், இது ஆர் 7.5. பாலிஐசோ என்ற இன்னொரு ஃபோம் பலகைக்கு இன்னும் பெரிய எண் போட்டிருக்கும், ஆனால் கடுங்குளிரில் அது இறங்கிவிடும். வெள்ளிக் குமிழ்த் தாளுக்குக் கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள், முன்னால் காற்று இடைவெளி விடாமல் ஒட்டினால் பெரிய பயன் இல்லை. பீய்ச்சி அடித்தால் நுரைத்து இறுகும் ஸ்பிரே ஃபோம் நன்றாகத்தான் அடைக்கும், சரி, அப்புறம் உள்ளே ஒரு வயர் பழுதானால்?

இரண்டு விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. கரைப்பான் கலந்த பசை இந்த எக்ஸ்பிஎஸ் பலகையை அரித்துத் தின்றுவிடும் (ஒரு முழுப் பலகை எனக்குப் போனது), ஃபோம் பலகைக்கென்று எழுதிய பசையையே வாங்குங்கள். மின்வயரும் பலகையில் நேரே தொடக்கூடாது, வயரின் பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். நான் குழாய்க்குள் விட்டேன்.

அந்த வாசகர் இன்னும் பஞ்சு வாங்கவில்லை என்றால், நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் டார்ச் லைட்டோடு உள்ளே போய்க் கூரை மூலைகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ வாசகர்