கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா

தங்கச்சிமடம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி நலம்.

கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்று டிவியில் சத்தம் போடுகிறார்களே, ஊரில் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கு அந்தத் தீவு என்றாலே அந்தோணியார்தான். குடிக்கத் தண்ணீர் கிடையாது, குடியிருக்க ஆள் கிடையாது, மொத்தமே 285 ஏக்கர். அதில் போய் சீனிக்குப்பன் படையாச்சி என்ற நம் பக்கத்து மீனவர் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் கட்டினார். ரிமினி கடற்கரையில் மனிதர்கள் காது கொடுக்காதபோது மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர் என்று சொல்லப்படும் புனிதரைக் கடல்காரர்கள் விடுவார்களா? 1974-இல் தீவு இலங்கைக்குப் போனபோதும், நாம் விசா இல்லாமல் போய்வரலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள்.

2024-இல் நம் ஆட்களுக்கு இலங்கையில் சிறைத்தண்டனை கொடுத்ததால் ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தது உனக்குத் தெரியும். கோபம் நியாயம்தான். ஆனாலும் அந்தோணியாரிடம் போகாமல் இருந்தது எனக்குப் பெரிய மனக்கஷ்டம்.

2025 மார்ச்சில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப் பாதை, ராத்திரி தேர்பவனி. மறுநாள் காலையில் யாழ்ப்பாணச் சாமியார்கள் தலைமையில் திருப்பலி, அப்புறம் கொடியிறக்கம். இலங்கைக் கடற்படை கட்டி 2016-இல் திறந்த புதுக் கோயில் விசாலமாகத்தான் இருக்கிறது. அம்மாவோ பழைய கோயிலை விட்டு நகரவில்லை. காற்றில் அவளுடைய மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. இலங்கைப் பக்கத்து நெடுந்தீவுக்காரம்மா ஒருவர் மணலில் கையால் குழி பறித்து அதில் நட்டு, முந்தானையை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டார். “எந்த ஊர் அம்மா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை.

அவருடைய மகன் என் வயதுக்காரர்தான், தொழிலும் கடல்தான். “உங்கட விசைப்படகு வந்திட்டுப் போனா எங்கட வலையில ஒண்டும் மிஞ்சாது அண்ணை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது. போர்க்காலத்தில் அவர்கள் வருஷக்கணக்கில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். இப்போது நாம் விசைப்படகில் மடியை, அதாவது இழுவை வலையை, இழுத்து அடியோடு அள்ளிக்கொண்டு போனால் அவர்கள் எங்கே போவார்கள்? நம் பிள்ளைகள் சிறையில் கிடப்பதும் எல்லைக்கு அந்தப் பக்கம் மடி இழுக்கப் போய்த்தானே? நான் இதை இங்கே மீனவர் சங்கத்திலும் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை.

தீவு யார் கையில் இருந்தாலும், வருஷத்தில் இரண்டு நாள் இரு கரை மீனவர்களும் போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல் நேருக்கு நேர் உட்காருவது அந்தக் கோயில் வாசலில்தான். அந்த நேரத்தில் வலையைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இரு பக்கச் சாமியார்களும் மனது வைத்தால் முடியும்.

அடுத்த திருவிழாவுக்கு நீயும் குடும்பத்தோடு வா. ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்குக் கோயிலில் முன்கூட்டியே பேர் கொடுக்க வேண்டும், ஆதார் நகல்களை எனக்கு அனுப்பிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சேவியர்