மூன்றாம் நாள் மாத்திரைக்கு மாற்றச் சொன்னால் மறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அப்பாவை நிமோனியாவுக்குச் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "காய்ச்சல் விட்டுடுச்சு, நல்லா சாப்பிடுறார், ஊசியை நிறுத்திட்டு மாத்திரைக்கு மாத்திடலாம்" என்றார். நானும் அண்ணனும் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூச்சு வாங்க வாங்கக் கொண்டுவந்தவருக்கு வெறும் மாத்திரையா, ஊசியே போடுங்கள் என்று மல்லுக்கு நின்றோம், அவரும் சரி என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள், ஊசி செருகியிருந்த இடத்திலிருந்து முழங்கை வரை நரம்பு சிவந்து, தொட்டால் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. தண்ணீர் டம்ளரைக்கூட அப்பாவால் பிடிக்க முடியவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் மயக்கமுமாக வரும் நோயாளிக்கு முதலில் ஊசிதான் வேண்டும், அதில் கேள்வியே இல்லை. ஆனால் உடம்பு தேறியபின் கணக்கு மாறுகிறது. லெவோஃப்ளாக்சசின், லினிசோலிட் போன்ற ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும்) மருந்துகளை விழுங்கினாலும் கிட்டத்தட்ட முழு அளவும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். (லெவோஃப்ளாக்சசினை மட்டும் அலுமினியம், மக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.) நெதர்லாந்தில் தீவிர நிமோனியா வந்த சுமார் 300 பேரிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில், மூன்று நாள் ஊசிக்குப் பிறகு மாத்திரைக்கு மாறியவர்களும் ஏழு நாளும் ஊசியிலேயே இருந்தவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள், மாத்திரைக்காரர்கள் ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள்.

நரம்பில் கிடக்கும் குழாய் வழியாகப் புதுக் கிருமி ரத்தத்தில் ஏறவும் வாய்ப்புண்டு, அதனால் தேவைக்கு மேல் ஒரு நாள் அது இருப்பதும் ஆபத்துதான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியவர்கள், ரத்தத்திலேயே கிருமி பரவியவர்கள், விழுங்க முடியாதவர்கள் ஊசியில்தான் தொடர வேண்டியிருக்கலாம். மற்றவர்களுக்குக் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் நிலைப்பட்டு, வாயால் சாப்பிடவும் முடிந்தால் டாக்டர் மாத்திரை பற்றி யோசிப்பார். அப்போது எங்களைப் போலக் குறுக்கே நிற்காதீர்கள். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உறவினர்கள் பயந்துபோய்த்தான் மறுக்கிறோம், ஏன் மாற்றுகிறீர்கள் என்று இரண்டு நிமிடம் நின்று சொல்லுங்கள். அன்று யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி