வருந்துவதற்கென்று ஒரு விடுமுறை

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். திட்டத் தெம்பிருக்கிறது என்பது உன் கடைசி மூன்று மெசேஜ்களிலேயே தெரிந்தது.

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்கத் தோதான நாள் இன்றைக்குத்தான் வாய்த்தது. கிண்டல் இல்லை, இன்று இங்கே அதற்கென்றே அரசு விடுமுறை. 'பூஸ் உண்ட் பேட்டாக்' என்று பெயர். செய்த தவறுக்கு வருந்திப் பிரார்த்திக்கும் நாள், நவம்பரில் ஒரு புதன்கிழமை வரும். 1995-இல், முதியோர், நோயாளிகள் பராமரிப்புக்கான காப்பீட்டுக்குப் பணம் வேண்டும் என்று ஜெர்மனியில் மற்ற மாநிலங்களெல்லாம் இந்த விடுமுறையை எடுத்துவிட்டன. சாக்சனி மட்டும் விடமாட்டேன் என்றது. அதற்கு ஈடாக இங்கே வேலை பார்ப்பவர்கள் அந்தக் காப்பீட்டுக்குச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். வருந்துவதற்குக் காசு கொடுத்து லீவு வாங்கியிருக்கிறார்கள், பாரேன்.

இவ்வளவும் எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? காலை எட்டு மணி லேபுக்கு மழையில் ஓடிப்போய், பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகு. ஒரு ஜீவன் முந்தின நாள் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் சொல்லுவார்கள்!

ஊரே அடைத்துக் கிடந்தது. அறைக்குத் திரும்பினால் தூங்கிவிடுவேன். அதனால் நேரே லைப்சிக் ஸ்டேஷனுக்குப் போய், ஹாலே போகும் எஸ்-பானில் ஏறிவிட்டேன். நாற்பது நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஹாலே பக்கத்து மாநிலம், சாக்சனி-அன்ஹால்ட். ரயிலை விட்டு இறங்கினால் கடை திறந்திருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வருத்தமெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்தோடு சரி.

நான் போனது நெப்ரா வான்தட்டைப் பார்க்கத்தான். 32 சென்டிமீட்டர் வெண்கல வட்டு, அதில் தங்கத்தில் பிறை, நட்சத்திரங்கள். மண்ணுக்குள் போய் 3600 வருடம் இருக்கும் என்கிறார்கள். 1999-இல் புதையல் திருடர்கள் இரண்டு பேர் தோண்டி எடுத்து விற்றுவிட்டார்கள். 2002-இல், இப்போது அது இருக்கும் ஹாலே அருங்காட்சியகத்தின் இயக்குநரே வாங்க வந்தவர்போல் பாசல் நகரில் ஒரு ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்து, போலீஸை வைத்துப் பிடித்துக்கொடுத்தார். நீ இருந்திருந்தால் இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசியிருப்பாய். இருட்டறையில் தட்டு மட்டும் பச்சையாக மின்னுகிறது. நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கின இடம் பிராங்கே அறநிலையம். 1695-இல் பிராங்கே என்கிற பாதிரியார், உண்டியலில் விழுந்த நாலு தாலர் பதினாறு குரோஷன் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினாராம். அது வளர்ந்து வளர்ந்து ஒரு தெருவாகவே நிற்கிறது. அநாதை விடுதிக் கட்டடத்தின் உச்சி மாடியில், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்த மூவாயிரம் சாமான்கள். மேலே ஒரு முதலை தொங்குகிறது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நகர்ந்தவள், ஒரு கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

ஓலைச்சுவடி. தமிழ்.

அங்கே இருந்த காவலாளி அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டும். "உங்கள் மொழியா?" என்றார். ஆமாம் என்று நான் தலையாட்டியது இருக்கிறதே, நானே எழுதிக்கொடுத்த மாதிரி! "என்ன எழுதியிருக்கிறது?" என்றார் அடுத்து.

போச்சு. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், கிழிந்துவிடும் என்று தமிழ் மிஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நாம் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் வேறு வேலையாக இருந்தோம். புள்ளியும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. 'க' தெரிகிறது, 'ம' தெரிகிறது. அது 'க'வா, 'க்'கா? எது எங்கே முடிகிறது? ஐந்து நிமிடம் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றேன். அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் "ரொம்பப் பழையது" என்றேன். அதை எனக்கு முன்பே அவர் அறிவார்.

ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்து. அந்த ஹாலேயில் படித்த சீகன்பால்க் என்கிற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது வயது ஏறத்தாழ 24. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பத்து வருடத்தில் அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் அதே ஹாலேயில் அச்சாகிவிட்டது. எனக்கும் 24. பதினாலு மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். மேசை ஆண், கதவு பெண், சின்னப் பெண் அஃறிணை என்பதைத் தாண்டி மண்டையில் ஏறவில்லை. இந்த நாலு மாதம் நான் எழுதாததற்கும் அதுதான் காரணம், வேலைப்பளு அல்ல. இரண்டு மொழியிலும் ஊமையாகிக்கொண்டு வருகிறேனோ என்று பயமாக இருந்தது. உன்னிடம்கூடச் சொல்லக் கூச்சம்.

சரி, இன்னொன்று. தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதல் தமிழ் எழுத்துகள் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டு, கப்பலேறி 1713-இல் போய்ச் சேர்ந்தன. மாதிரியைப் பார்த்துத் தமிழ் தெரியாதவர்கள் செய்தவை. அத்தனையும் பூதாகாரமாக இருந்ததில் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அங்கேயே சின்னதாக மறுபடி வார்க்க வேண்டியதாயிற்று. 'ழ'வைச் செதுக்கியவர் அது என்ன பூச்சி என்று நினைத்திருப்பார்?

மூடும் நேரம் வரை நின்று, ஓலையின் ஒரு வரியை நோட்டில் எடுத்துக்கொண்டேன். எழுதவில்லை, வரைந்தேன். அடுத்த பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது எழுத்து 'த'வா 'ந'வா என்று சந்தேகம், வட்டம் போட்டிருக்கிறேன். மிஸ்ஸிடம் போகாதே, மானம் போய்விடும். நீயே படித்துப் பார்த்துச் சொல்.

உன்,
ஒட்டகம்