உன் ரை ஸ்டவுட்டைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரை என்ற தானியம் சேர்த்து ஷெஃபீல்டில் நீ காய்ச்சிய ஸ்டவுட், அந்தக் கறுப்பு பியர், உன் தோழி கையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் "நல்லா இருக்கு புள்ள" என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்த காலமெல்லாம் விடிந்ததும் தேத்தண்ணி ருசி பார்த்தவன் நான். ஒருவர் கஷ்டப்பட்டுச் செய்த பொருளை வாயில் வைத்துவிட்டு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போத்தலின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். அதனால் சில நாட்கள் நிமிர்த்தியே வைத்திருந்தேன். குடிப்பதற்கு முன் வெளியே எடுத்துவைத்தேன். நம்ம ஊர்க் குளிரில் அது சரியான பதத்துக்கு வர அதிக நேரம் பிடிக்கவில்லை. வாய் அகன்ற கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, அடிமண்டி கலங்காமல் ஊற்றினேன். பார்க்கும்போது கன்னங்கரேலென்று இருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது ஓரத்தில் மட்டும் மாதுளம்பழச் சிவப்பு தெரிந்தது. நுரை நல்ல மண்ணிறம். லேசில் அமரவில்லை. குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு வந்தது. அது ரை செய்கிற வேலை என்று அன்றைக்கு நீ விளக்கினாய் அல்லவா, கண்ணால் பார்த்ததும் புரிந்தது.

முதலில் வந்தது கோப்பி வாசம். அம்மாவும் மோந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள். அதன் பின்னால் கசப்புச் சாக்லேட். ஆனால் கிளாஸைக் கைக்குள் வைத்துக் கொஞ்சம் சூடேற விட்டபோதுதான் உன் தானியம் வெளியே வந்தது. தோசைக்கல்லில் ஓரம் முறுகிய குரக்கன் ரொட்டியின் வாசம் அது. கூடவே மெல்லிய மிளகு. ரை என்றாலே சீரக வாசம் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அங்கே ரை ரொட்டியில் சீமைச் சீரகம் போட்டுச் சுடுவதால் பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். உன் பியரில் சீரகம் இல்லை, அந்த வாசமும் இல்லை. இருந்தது தானியத்தின் சொந்தக் காரம்.

வாயில் வைத்ததும் என்னை நிறுத்தியது அதன் கனம். எண்ணெய் தடவியதுபோல் நாக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் இனிப்பு திகட்டவில்லை. ருசி தொடங்கும்போது சாக்லேட், நடு நாக்கில் ரையின் உறைப்பு, விழுங்கியதும் வாய் காய்ந்து இன்னொரு வாய் கேட்கிறது. தடிப்பும் வறட்சியும் ஒரே பானத்தில் சேர்ந்து வருவதை நான் இதற்கு முன் ருசித்ததில்லை. உன் பியரில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

அந்த வழுவழுப்புக்காக நீ பட்ட பாட்டையும் நினைத்துக்கொண்டேன். பார்லியைப் போல ரைக்கு உமி கிடையாது. பசையும் அதிகம். ஊறிய தானியம் களியாகி அடைத்துக்கொண்டு, சாறு ஒரு சொட்டுக்கூட இறங்காமல் நடுச்சாமம் வரைக்கும் நின்றாயே. கடைசியில் வழி விட்டது நெல் உமி என்று நீ சொன்ன அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே மில்லுக்குப் பின்னால் மலைபோலக் குவித்துக் கொளுத்துகிற உமியை அங்கே மூட்டைக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்!

ரையைப் பற்றித் தேடி வாசித்தேன். கோதுமை தாங்காத குளிரிலும் மணல் தரையிலும் விளைகிற பயிராம். வட ஐரோப்பாவின் ஏழை ஜனங்களுக்குக் கறுப்பு ரொட்டி கொடுத்தது அதுதான். ரஷ்யர்கள் அந்த ரொட்டியிலேயே குவாஸ் என்ற புளித்த பானம் காய்ச்சுகிறார்கள், பின்லாந்துக்காரர்கள் சாஹ்தி என்ற பியரில் ரையைச் சேர்க்கிறார்கள். 1516இல் பவேரியாவில் பியருக்குப் பார்லி மட்டும்தான் என்று சட்டம் போட்டதற்கு, கோதுமையும் ரையும் ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்பதும் ஒரு காரணமாம். அப்படிப்பட்ட தானியத்தை நீ கையில் எடுத்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி, குறை. விழுங்கி முடித்த பிறகு தொண்டையில் சாம்பல் கசப்பு ஒன்று நிற்கிறது. கூடவே கூர்மையான ஒரு புளிப்பு. கருக்கிய மோல்ட்டிலிருந்து, அதாவது முளைக்கவைத்து வறுத்த தானியத்திலிருந்து, வருகிற கசப்பு ஸ்டவுட்டுக்கு வேண்டியதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. இது அதற்கும் மேலே ஏறி, ரையின் மிளகை அமுக்கிவிடுகிறது. ஃபெக்டரியில் ட்ரையர் சூடு கூடிப்போனால் தேயிலையில் இதே வாடை அடிக்கும், எவ்வளவு நல்ல கொழுந்தாக இருந்தாலும் அந்த வாடைதான் முன்னுக்கு நிற்கும். உன் முதல் எண்ணம் கறுப்பு மோல்ட்டைக் குறைப்பதாக இருக்கும். அதற்கு முன்னால் தண்ணீரைப் பார், பாப்பா. ஒரே தேயிலைக்கு இங்கத்தைய மலைத் தண்ணீரில் ஒரு ருசி, கொழும்புத் தண்ணீரில் வேறு ருசி. ஷெஃபீல்டுக்கு மேட்டு நிலத்து நீர்த்தேக்கங்களிலிருந்து மென்மையான தண்ணீர்தான் வருகிறது. கறுப்பு மோல்ட் புளிப்பைக் கூட்டும், அதைத் தாங்குகிற உப்பு மென்மையான தண்ணீரில் இல்லை. தானிய ஊறலின் புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 5.2க்குக் கீழே இறங்கினால் இந்தக் கூர்மை வரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பழைய லண்டனில் போர்ட்டர் என்ற கறுப்பு பியரும் ஸ்டவுட்டும் அவ்வளவு நன்றாக வந்ததற்கு அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த, புளிப்பைத் தணிக்கிற பைகார்பனேட் உப்பும் ஒரு காரணம். கொஞ்சம் பேக்கிங் சோடா போட்டுப் பார். இல்லாவிட்டால் கறுப்பு மோல்ட்டை மட்டும் தனியே வைத்திருந்து ஊறலின் கடைசியில் சேர். மீட்டரில் என்ன எண் வந்தது என்று எனக்கு எழுது.

நம்ம நாட்டு லயன் ஸ்டவுட்டோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னாய். அதில் மதுசாரம் 8.8 வீதம், வெல்லப்பாகும் சாக்லேட்டுமாய் இனித்துக்கொண்டு வரும். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பியர் எழுத்தாளர் அதைப் புகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளிநாட்டில் பலருக்கு அதன் பெயர் தெரிந்தது. உன்னுடையது அவ்வளவு இனிப்பில்லை, அவ்வளவு வெறியுமில்லை, யோசித்துக் குடிக்க வைக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இந்த நுவரெலியாவில் பியர் காய்ச்சத் தொடங்கியது 1849இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராத் தோட்டத்தில் வியாபாரத்துக்கென்று தேயிலை நட்டது 1867இல். ஆக, இந்த மலைக்குத் தேயிலைத் தொழிலுக்கு முன்பே பியர் வந்துவிட்டது. டீமேக்கர் மகள் பியர் காய்ச்சப் போனாளா என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

நீ இந்த வேலைக்குப் போனபோது அம்மாவும் நானும் கலங்கியது உனக்குத் தெரியும். கசிப்பு என்ற கள்ளச்சாராயம் எத்தனை லயத்து வீடுகளைத் தின்றது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சம்பள நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காம்பராவில் ஒளிந்த பெண்களை அம்மாவுக்குப் பெயர் பெயராகத் தெரியும். அந்தப் பயம் எங்களை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். நீ செய்வது வேறு என்பது எங்களுக்கு விளங்குகிறது. இருந்தாலும் ருசி பார்க்கிற வேலையில் நாளெல்லாம் நாக்கில் மது படும். தேத்தண்ணியை நாங்கள் துப்பிவிடுவோம், பியரை விழுங்கித்தான் அதன் கசப்பை அளக்க வேண்டும் என்கிறாய். அப்படியென்றால் வாய் சின்னதாக இருக்கட்டும். சாப்பிடாமல் ருசி பார்க்காதே.

ஒரு போத்தலை அலுமாரியில் வைத்திருக்கிறேன். தண்ணீரைத் திருத்திக் காய்ச்சியதை நீ அனுப்பியதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி ருசி பார்க்கப் போகிறேன். லேபிளில் திகதி போட மறக்காதே, இந்த முறை அது இல்லை.

அன்புடன்,
அப்பா