சோதித்துப் பார்த்தவர்களுக்கும் திட்டித் தீர்த்தவர்களுக்கும் நன்றி

வேலூர்

அன்புடையீர்,

கணினியில் மென்பொருள்களை நிறுவவும் மாற்றவும் நீக்கவும் உதவும் எங்கள் 'தொகுப்பு நிர்வாகி' நிரலின் மாதிரியை நிறுவி மூன்று வாரம் அவதிப்பட்ட உங்களுக்கு இந்த மடல். "நன்றாக இருக்கிறது" என்றவர்களுக்கும் நன்றிதான். ஆனால் அவர்களால் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

கணினியின் அடித்தளத்தைத் தொடாமல், மேலே ஓடும் மென்பொருளுக்கு மட்டும் வேண்டிய பதிப்பைத் தேர்ந்துகொள்ளும் முறை புதிதல்ல. லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோராவின் குழு 2017-ல் போல்ட்ரான் என்ற பெயரில் இதன் முன்னோட்டத்தை வெளியிட்டது. 2023-ல் ஃபெடோரா 39-இல் இந்த முறையையே கைவிட்டது. தெரிந்தேதான் இறங்கினோம்.

முதல் நன்றி, குடியாத்தம் கைலிக் கடையில் கணக்கு எழுதும் அக்காவுக்கு. கடையின் பில் மென்பொருள் பிஎச்பி என்ற நிரல்மொழியின் பழைய 5.6 பதிப்பில் ஓடுகிறது. அவருடைய தம்பி கல்லூரிப் பாடத்துக்காக அதே கணினியில் பிஎச்பி 8-ஐ நிறுவப் போக, 'தொகுதி முரண்' என்று திரை நின்றுவிட்டது. பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிப் படமெடுத்து அனுப்பினார்: "11.40. முரண் என்கிறது. யாருக்கும் யாருக்கும்? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? ஆள் நிற்கிறார்."

தொகுதி என்பது ஒரு மென்பொருளின் பல பதிப்புகளை ஒரே பெயரில் வைத்திருக்கும் கட்டு. ஒரு கணினியில் ஒரு தொகுதியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு பதிப்புதான் இருக்க முடியும். ஃபெடோராவிலும் அப்போது அதே கதைதான். எங்களாலும் அதைத் தாண்ட முடியவில்லை. ஆனால் திரை இப்போது, 'பில் மென்பொருளுக்கு 5.6 வேண்டும். 8-ஐ நிறுவினால் பில் நின்றுவிடும். தொடரலாமா?' என்று கேட்கிறது.

பதிப்புகளின் கிளைக்கு 'ஓடை' என்று பெயர் வைத்திருந்தோம். "பாலாற்றங்கரையில் ஓடை என்றால் தண்ணீர் இல்லை என்றுதான் பொருள்" என்றார்கள் காட்பாடி மாணவர்கள். மூன்று இரவு யோசித்த சொல், வருத்தம்தான். 'வரிசை' என்று மாற்றிவிட்டோம்.

சத்துவாச்சாரியில் இருக்கும், வருவாய்த் துறையில் ஓய்வுபெற்ற ஐயா சொன்னது வேறு ரகம். "1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மூன்றாக்கினார்கள். பிரிப்பது சுலபம் தம்பி. மனுவை எங்கே கொடுப்பது என்று பலகை வைத்தீர்களா?" வைக்கவில்லை. இப்போது பட்டியலில் ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, அது நிறுவப்பட்டிருக்கிறதா, அதற்கு ஆதரவு எப்போது முடிகிறது என்பது தெரியும்.

ஆரணி ஆசிரியர் அவர்களே, பழைய வரிசைக்குத் திரும்பியபோது உங்கள் அமைப்புக் கோப்பை அழித்தது எங்கள் பிழை. மன்னியுங்கள். அடுத்த வடிவத்தை எங்கள் கணினிகளில் பத்து முறை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்த பிறகே உங்களிடம் கொண்டுவருவோம்.

நன்றியுடன்,
மாதிரியை எழுதிய மூவர்